மழைமானியோடு எல்கடுவைக்கு

காலை 5.15, மூதூர். பஸ் புறப்படும் நேரத்துக்கு அரை மணி முந்தியே போய் நிற்பது என் பழக்கம். பரீதா ராத்தா ஐந்து பதினான்குக்கு வந்து சேர்ந்தார். ஒரு கையில் கருவாட்டுப் பொதி, மறு கையில் துவாயில் சுற்றிய மழைமானி. "இன்னும் ஒரு நிமிசம் கெடக்கே, அதுக்குள்ள ஏன் முகத்தத் தூக்கி வெச்சிக்கிட்டு நிக்கிறீங்க?" என்றார். மற்ற நாளாக இருந்தால் நேரம் தவறாமையைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்திருப்பேன். அன்று வாய் வரவில்லை.

மாத்தளை மாவட்டத்து மலைக்கும் எங்கள் கடற்கரைக்கும் என்ன சம்பந்தம் என்று படிப்பவர்கள் கேட்கலாம். சம்பந்தம் தண்ணீர்தான். அந்த மலைகளில் பெய்கிற மழை ஓடை ஓடையாக இறங்கி, கடைசியில் மகாவலியோடு சேர்ந்து, எங்கள் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. அந்த ஆற்றுமுகத்தைக் காப்பதற்காக நாங்கள் ஒரு கூட்டுக் குழு வைத்திருக்கிறோம். மீன் பிடிப்பவர்கள், நண்டுக் கூடு வைப்பவர்கள், கரைச் சேற்றில் நடுவதற்குக் கண்டல் நாற்று வளர்க்கும் பெண்கள், வயல்காரர்கள் எல்லோரும் அதில் இருக்கிறார்கள். பரீதா எல்லோருக்கும் ராத்தா, அதாவது அக்கா; நாற்றுமேடைப் பெண்களின் தலைவி. நான் செயலாளர். கூட்டத்தில் எவராவது இரண்டு நிமிடத்துக்கு மேல் பேசினால் மணி அடித்து உட்கார வைக்கிற செயலாளர்.

கீழே இருப்பவர்கள் மட்டும் சேர்ந்து ஆற்றைக் காக்க முடியாது என்பது எங்களுக்குச் சீக்கிரமே விளங்கிவிட்டது. ஆகவே மேலே ஏழு இடங்களில் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டோம். ஆளுக்கு ஒரு மழைமானி கொடுத்தோம். தினமும் காலையில் அளவைப் பார்த்து எனக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும். மலையில் நூறு மில்லிமீட்டரைத் தாண்டினால் நாங்கள் கூடுகளையும் வலைகளையும் ஏற்றிவிடுவோம், தாழ்ந்த நிலத்துக் குடும்பங்களைப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றுவோம். தண்ணீர் வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்பதால் நேரம் தாராளமாக இருக்கும். எல்கடுவப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் எங்கள் ஆள் புஷ்பராணி. கொழுந்து பறிப்பவர், வயது நாற்பதுக்குள்.

நான் எதற்காகப் போகிறேன் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஏழு வாரத்துக்கு முந்தைய பெருமழையில் ஒரு காலை, ஆறு பத்துக்கு அவர் அழைத்தார். "எல்கடுவ. நூத்திப் பதினெட்டு" என்றார். நான் எழுதிக்கொண்டேன். "அண்ணே, எங்க லயத்துக்குப் பின்னாடி..." என்று அடுத்ததாக எதையோ தொடங்கினார். "தங்கச்சி, அளவு கிடைச்சிட்டுது, மற்ற ஆக்கள் எடுப்பாங்க, வைங்க" என்றேன். வைத்துவிட்டார். லயம் என்பது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை அறைகள். அன்று முற்பகல் அந்த லயத்தின் மேல் மலை சரிந்தது. மூன்றாம் நாள்தான் அவர் உடலை எடுத்தார்கள்.

அப்படி வெட்டிப் பேசியது என் கோபத்தால் அல்ல, நானே எழுதிய விதியால். முதல் வருடம் ஒருவர் தன் மகளின் கல்யாணப் பேச்சிலிருந்து தொடங்கி, அளவைச் சொல்வதற்குள் இணைப்பு அறுந்துபோனது. அதற்குப் பிறகு ஏழு பேருக்கும் ஒரு தாள் அனுப்பினேன்: முதலில் இடம், அடுத்து அளவு, உடனே வைத்துவிடவும். அந்தத் தாளைப் பற்றி எனக்கு அப்போது பெருமைகூட இருந்தது.

காலை 7.00, திருகோணமலை. கண்டி பஸ்ஸில் மாத்தளைக்கு ஆளுக்கு ஐந்நூற்று நாற்பது ரூபாய். ஏறத்தாழ நூற்றைம்பத்தைந்து கிலோமீட்டர். கந்தளாய் வரைக்கும் ராத்தா தூங்கினார். மழைமானி அவர் மடியில் இருந்தது. அதை எடுத்துப் போவது குழுவின் தீர்மானம். புஷ்பராணியின் கணவரிடம் துக்கம் விசாரித்துவிட்டு, அளவு எடுக்கும் வேலையைத் தொடரச் சொல்லிக் கேட்டு வரவேண்டுமாம். வெட்கம் கெட்ட தீர்மானம். நானும் அதற்குக் கை உயர்த்தியவன்தான்.

ஹபரணையில் யானை பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் ஜீப்புகளில் நின்றுகொண்டு போனார்கள். தம்புள்ளையில் பத்து நிமிடம் நிறுத்தினார்கள். பிளேன்டீ ஐம்பது ரூபாய், உளுந்து வடை எண்பது. ராத்தா வடையைப் பிட்டபடி, "நீங்க போனை வெச்ச விசயத்த அந்த மனுசன்ட சொல்லப் போறீங்களா?" என்று கேட்டார். குழுவில் அது தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

"சொல்லத்தான் போறன்."

"சொல்லி என்னத்துக்கு? உங்கட பாரத்த எறக்கி அவர்ட தலையில வெக்கிறதுக்கா?"

நாவுல தாண்டும்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். சொல்லாவிட்டால் நான் ஏதோ நல்லவன் போல அவர் கையால் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வருவேன். அதை நினைத்தால்தான் அருவருப்பாக இருந்தது.

காலை 11.10. அலுவிகாரையில் விகாரை வாசலில் ஒரு பள்ளிக்கூடச் சுற்றுலா இறங்கிக்கொண்டிருந்தது. வாசனைத் திரவியத் தோட்டங்களின் பெயர்ப்பலகைகள் வரிசையாக ஓடி முடிந்ததும் மாத்தளை நகரம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் குளிர் தட்டியது. கடற்கரைக்காரனுக்குக் குளிர், அந்த ஊர்க்காரர்கள் கைக்குட்டையால் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

பஸ் நிலையத்துக்கு வெளியே நிஸார் என்ற முச்சக்கரவண்டிக்காரரைப் பிடித்தோம். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் எங்களை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.

"அந்த லயத்துக்கா? அங்க வண்டி போகாது அண்ணே. ஸ்டோர் வரைக்கும் கொண்டுபோய் விடுறேன். ரெண்டாயிரத்து எண்ணூறு ரூபா. ரோட்டப் பாத்தீங்கன்னா நீங்களே கூடத் தருவீங்க" என்றார். ஸ்டோர் என்றால் தேயிலைத் தொழிற்சாலை.

உக்குவளையைத் தாண்டிய பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது. பாதையின் ஒரு பக்கம் பல இடங்களில் இல்லை. இல்லாத பக்கத்தில் தார்ப் பீப்பாய்களை வைத்து, குறுக்கே சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். மலை முழுவதும் தேயிலைப் பச்சை. நடுநடுவே மேலிருந்து கீழ்வரை செம்மண் கிழிசல்கள். நிஸார் ஒவ்வொன்றாகக் காட்டிக்கொண்டே வந்தார். "இங்க ஒரு கடை இருந்திச்சு. இங்க ஒண்ணும் இல்ல, மரம் மட்டுந்தான். அந்தா அங்க ரெண்டு வீடு. எங்க பள்ளிவாசல்லேருந்து நாங்க இருபது பேர் மண்வெட்டியோட வந்தோம். நாலு நாள் தோண்டினோம்."

கொஞ்ச தூரம் போன பிறகு, திரும்பிப் பார்க்காமல் இறந்தவர்களைப் பற்றிக் கேட்டார்: "மௌத்தானவங்க உங்களுக்குச் சொந்தமா?"

"இல்ல."

"தெரிஞ்சவங்களா?"

"தினமும் போனில் பேசுவோம்" என்றேன். அது பொய். அவர் இரண்டு சொல் சொல்வார், நான் ஒரு சொல் சொல்வேன். இரண்டு வருடத்தில் மொத்தமாகக் கூட்டிப் பார்த்தாலும் ஒரு சாப்பாட்டு நேரத்துக்கு வராது. நேரில் கண்டது ஒரே தடவைதான். மேலே உள்ள ஏழு பேரையும் மூதூருக்கு அழைத்திருந்தபோது, ஆறு கடலோடு சேரும் இடத்தில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி வாயில் வைத்துப் பார்த்தார். "உப்புங்க! இது எங்க தண்ணி இல்ல" என்று துப்பிவிட்டு, கூட வந்தவர்களோடு சேர்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கூட்டம் தொடங்க நேரமாகிறது என்று நான் அப்போதும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பகல் 12.40. ஸ்டோருக்கு எதிரே கமலா காத்திருந்தார். புஷ்பராணிக்கு அடுத்த அறைக்காரி, அவரோடு ஒரே மலையில் கொழுந்து பறித்தவர். ராத்தா முதல் நாளே பேசி வைத்திருந்தார். "வாங்க, வாங்க, ரொம்ப தூரம் வந்திருக்கீங்க" என்று கருவாட்டுப் பொதியை வாங்கிக்கொண்டார். வேலைக்குப் போன உடுப்போடு அப்படியே வந்திருந்தார். இடுப்பில் நனையாமலிருக்கப் படங்குத் துணி கட்டிய அடையாளம் இன்னும் ஈரமாக இருந்தது. அரை நாள் சம்பளம் போயிருக்கும். கேட்டதற்கு, "அதப் பாத்தா ஆகுமாங்க" என்றார்.

ஸ்டோருக்கு மேலே உள்ள வளைவில் ஒரு நிமிடம் நின்றார். "இங்கதாங்க டவர் கிடைக்கும். தெனம் காலையில பிரட்டுக்குப் போறதுக்கு முன்னாடி ஓடியாந்து உங்களுக்குப் பேசிட்டுப் போவா." பிரட்டு என்பது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். அந்த வளைவிலிருந்து லயத்துக்கு நடந்து பார்த்தேன். இறக்கத்திலேயே பதினேழு நிமிடம் ஆனது. ஒவ்வொரு நாளும் இரண்டு சொல்லுக்காக இந்த ஏற்றத்தில் ஏறியிருக்கிறார். எனக்கு இது தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை.

லயம் என்று சொன்னேன். பத்து அறைகளில் மூன்று நின்றன. மிச்சம் செம்மண். ஒரு கதவின் மேல்பாதி, ஒரு தகரம், கழுவிப் போட்ட பாத்திரம் ஒன்று. அந்த மண்ணில் அதற்குள்ளேயே புல் முளைத்துவிட்டது. ஆற்றுமுகம் மண்ணால் தூர்ந்துபோகிறது, மலைக்காரர்கள் தங்கள் மண்ணைப் பிடித்துவைக்க மாட்டார்களா என்று எங்கள் கூட்டங்களில் நாங்கள் சலித்துக்கொள்ளாத மாதம் இல்லை. அந்த மண்ணின் மேலேயே இப்போது செருப்போடு நின்றுகொண்டிருந்தேன். கழற்றி ஓரமாக வைத்தேன். ராத்தாவும் கழற்றினார்.

கமலா சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"மொத நாளே பின்சொவத்துக்குப் பின்னாடி நெலம் வெடிச்சிருந்திச்சுங்க. கை நுழையிற அளவு. அடியிலேருந்து கலங்கத் தண்ணி வந்திச்சு. எல்லாரும் பாத்தோம். சிலபேரு போயிரலாம்னாங்க, சிலபேரு இது வருசா வருசம் வர்றதுதான்னாங்க. கரண்டு ரெண்டு நாளா இல்ல. அவ போன்ல கடைசிக் கோடுதான் சார்ஜ் இருந்திச்சு. அவ வீட்டுக்காரரு டவுன்ல இருந்தாரு, அவருக்குப் பேசுடின்னேன். 'இல்லடி, மூதூர் அண்ணனுக்கு அளவு சொல்லணும், அவருகிட்டயே கேட்டுக்கிட்டு வாறேன். மழை வெசயம் அவருக்குத்தான் தெரியும். இருக்கிறதா போறதான்னு அவரு சொல்லுவாரு'ன்னுட்டு மேல ஏறிப் போனா."

ராத்தா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

"திரும்பி வந்ததும் கேட்டேன், என்னடி சொன்னாருன்னு. 'அவரு ஒண்ணும் சொல்லலடி'ன்னா. சரி, அப்படீன்னா பயமில்லன்னு நெனச்சா போல. பத்து மணி போல நான் பிள்ளைகள மடுவத்துல விட்டுட்டு வர்றேன்னு போனேன். இவ சோத்தப் போட்டுட்டு வாறேன்னா. பத்தரைக்கு சத்தம் கேட்டிச்சு."

அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி கொஞ்சமும் இல்லை. நடந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். உடைந்த வாசற்படி ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அழுதேன் என்று தெரியாது. முதல் தடவையாக நான் கடிகாரம் பார்க்கவில்லை.

பிற்பகல் 2.00. பிள்ளை மடுவம். தோட்டத்தில் வேலைக்குப் போகிற தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுப்போகும் கட்டடம் அது. இப்போது அதில் ஏழு குடும்பங்கள், நடுவில் சேலை கட்டிப் பிரித்திருக்கிறார்கள். புஷ்பராணியின் கணவர் சிவலிங்கம் எங்களுக்காகச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். மாத்தளையில் மிளகு, கராம்பு மொத்தக் கடை ஒன்றில் மூட்டை தூக்குபவர். கிழமைக்கு ஒருநாள் வீட்டுக்கு வருவார். மெலிந்த மனிதர், பேச்சும் மெலிவு.

தேத்தண்ணீர் கொடுத்தார். நான் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, குடிப்பதற்கு முன்னாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். விதியை எழுதியது நான், வைக்கச் சொன்னது நான், அவர் கேட்க வந்ததைக் கேட்க விடாதது நான் என்று வரிசையாகச் சொன்னேன். மூன்று நிமிடம் பிடித்திருக்கும். யாரும் மணி அடிக்கவில்லை.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "எத்தன மணிக்குங்க பேசினா?" என்று கேட்டார்.

"ஆறு பத்துக்கு."

விரலை மடக்கி எண்ணினார். "நாலு மணி நேரத்துக்கு மேல இருந்திருக்கு" என்றார். அடுத்து, "துணிமணி, சட்டி பானை எல்லாத்தையும் எடுத்துக்கிட்டே வந்திருக்கலாம்" என்றார்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பரவாயில்லை என்று சொல்லியிருந்தால், சொல்லக்கூடாது என்றாலும், வீட்டுக்குப் போய்த் தூங்கியிருப்பேன். இரண்டும் இல்லை. "தேத்தண்ணி ஆறுதுங்க" என்று மட்டும் சொல்லி, கோப்பையை என் பக்கம் தள்ளி வைத்தார்.

மழைமானியைப் பற்றிப் பேச ராத்தாவுக்கும் வாய் வரவில்லை. கமலாதான் துவாயைப் பார்த்து, "அது என்னங்க?" என்று கேட்டார். ராத்தா அவிழ்த்துக் காட்டினார். எடுத்துப்போய்விடுகிறோம், கேட்பதற்கு வரவில்லை என்று நான் ஏதோ உளறினேன்.

"ஏன் எடுத்துக்கிட்டுப் போறீங்க? வச்சிட்டுப் போங்க" என்றார் கமலா. "ஆனா இனி இது மொதல்ல எங்களுக்கு. ஒரு கோடு போட்டு வைப்போம். அதுக்கு மேல தண்ணி நின்னா, நாங்க பிள்ளைகளத் தூக்கிக்கிட்டு ஸ்கூலுக்குப் போயிருவோம். போயி உக்காந்துக்கிட்டு ஒங்களுக்குப் பேசுறோம். சரிதானுங்களே?"

"சரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

"நாங்க பேசி, இங்க ஆபத்துன்னு சொன்னா, நீங்க இங்க யாருக்குப் பேசுவீங்க?"

நான் குழுவின் குறிப்புப் புத்தகத்தை எடுத்தேன். அவசரத்துக்கு அழைக்க வேண்டிய இருபத்துமூன்று எண்கள் அதில் உண்டு. மீனவர் சங்கம், நாற்றுமேடை, பள்ளிக்கூட அதிபர், படகுத்துறை. இருபத்துமூன்றும் ஆற்றின் கீழ்ப்பக்கம். மலையில் ஒருவர் எண்கூட இல்லை. ஆற்றைச் சேர்ந்து காக்கிறோம் என்று மேடை மேடையாகப் பேசியவர்கள், செய்தி மேலிருந்து கீழே வர மட்டும் வழி வைத்திருந்தோம். கமலா தன் எண்ணைச் சொன்னார். பக்கத்துப் பிரிவு உத்தியோகத்தர் ஒருவரின் எண்ணையும், ஸ்கூல் காவல்காரரின் எண்ணையும் சொன்னார். ராத்தா எழுதினார்.

மாலை 3.50. மாத்தளை பஸ் நான்கு மணிக்கு. சிவலிங்கமும் கமலாவும் எங்களோடு ஸ்டோர் வரைக்கும் நடந்து வந்தார்கள். மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. பெண்கள் கொழுந்து நிறுப்பதற்குக் கூடைகளோடு வரிசையாகப் போய்க்கொண்டிருந்தார்கள். சிலர் எங்களைப் பார்த்து நின்றார்கள், கமலா ஏதோ சொன்னதும் தலையசைத்துவிட்டு நடந்தார்கள்.

நாங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகு சிவலிங்கம் யன்னலருகே வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணு கேக்கணுங்க. நீங்க வைக்கச் சொன்னதும் அவ என்ன சொன்னா?"

"'சரிங்கண்ணே'ன்னு சொன்னாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"கொரல் எப்பிடிங்க இருந்திச்சு? பயந்த மாதிரியா?"

யோசித்துப் பார்த்தேன். நூற்றுப் பதினெட்டு என்பது தெளிவாக ஞாபகம் இருந்தது. பேனா சரியாக எழுதாமல் இரண்டு தடவை கிறுக்கியது ஞாபகம் இருந்தது. குரல் ஞாபகம் இல்லை. ஏதாவது ஆறுதலாகச் சொல்லலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது, ஆனால் இன்னொரு பொய் சொல்ல மனம் வரவில்லை. "தெரியல்ல தம்பி, நான் கவனிக்கல்ல" என்றேன்.

அவர் தலையாட்டினார். பஸ்காரர் இயந்திரத்தை முடுக்கினார். அந்தச் சத்தத்துக்கு மேலாக, முகத்தில் ஒரு சிரிப்பு போல ஏதோ வர, "எங்கிட்ட ஒரு நாளும் சரின்னு சொன்னதில்லீங்க. நான் வைடின்னாலும் வைக்க மாட்டா. சண்ட போட்டாவது சொல்லி முடிச்சிட்டுத்தான் வைப்பா" என்றார். பிறகு கையை எடுத்துவிட்டார், பஸ் நகர்ந்தது.

உக்குவளை வரைக்கும் ராத்தா என் பக்கம் திரும்பவில்லை. எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுவது இம்மாதிரிக் கட்டுரைகளின் வழக்கம். எனக்கு எழுதத் தெரிந்த வித்தியாசம் ஒன்றுதான். அந்த வெள்ளத்தில் எங்கள் ஆற்றுமுகத்தில் வலை போனது, நாற்று போனது, ஒரு உயிர்கூடப் போகவில்லை. மறுமுனையில் புருஷன் இருந்திருந்தால் புஷ்பராணி சண்டை பிடித்துச் சொல்லியிருப்பார். நான் பெரிய மனிதன், செயலாளர், மழை தெரிந்த அண்ணன். அதனால் மரியாதை கொடுத்துப் பேச்சை நிறுத்திவிட்டார்.